முதுகு வலியும் கால் தளர்ச்சியும்

 

முதுகு வலியை அறியாத தோட்டம் எது? செம்பனைக் குலை அறுப்பவரும், அதனைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவரும், பால் வாளி சுமப்பவரும் அவ்வலியை அறிவர். பெரும்பாலும் அது தசைப்பிடிப்பே. சில நாள் ஓய்வில் தணிந்துவிடும். ஆயின், ஓய்வாலும் தணியாத முதுகு வலியோடு கால்களும் தளரத் தொடங்கினால், அது பேரிடரின் அறிகுறி. அதற்குரிய காரணங்களுள் ஒன்றான நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் கண்டறிந்து கூறுவதை எளிய முறையில் உங்கள்முன் வைப்பதே நமது கடமை.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நெறியாக வீங்குவது நிணநீர்க் கணு. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே தங்குகின்றன. கழுத்திலும் அக்குளிலும் மார்பினுள்ளும் வயிற்றினுள்ளும் இத்தகைய கணுக்கள் உள்ளன. அந்த வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில மருத்துவர் 1832ஆம் ஆண்டில் இதன் ஒரு வகையை விவரித்தார். இது தொற்றுநோயன்று, தெய்வக் குற்றமன்று, எவரும் வைத்த செய்வினையும் அன்று.

இந்நோய்க்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு? முதுகெலும்பு வெறும் தூண் அன்று. அடுக்கி வைத்த எலும்புகளின் நடுவே குழாய் போன்ற ஒரு வழி உண்டு. அதனுள்ளே ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் செல்கின்றது. மூளையின் கட்டளை கால்களை அடைவதும், காலில் தைத்த முள்ளின் வலி மூளைக்கு எட்டுவதும் அதன் வழியாகவே. எலும்புகளின் இடைவெளி வழியே நோய்க்கட்டி உள்ளே புகுந்தால், சுற்றியுள்ள எலும்பு இடம் கொடாது, தண்டுவடமே நசுங்கும். நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் குன்றும். அந்நிலை நீடித்தால் நரம்பு மடிந்து, மீண்டும் உயிர்பெறாது.

எலும்பைக் கெடுக்காமலே கட்டி உள்ளே நுழையக்கூடும். ஆதலால் எக்ஸ்ரே படத்தில் குறையொன்றும் தெரியாதிருக்கலாம். அப்படத்தை நம்பி வாளாவிருத்தல் ஆகாது. தண்டுவடத்தின் நிலையைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. பரிசோதனையே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

1. நாளுக்கு நாள் மிகுந்து, படுத்தாலும் இரவிலும் வாட்டும் முதுகு வலி. மார்பையோ வயிற்றையோ கச்சை கட்டி இறுக்குவது போன்ற வலி.

2. கால்கள் கனத்துத் தளர்தல், நடை தள்ளாடுதல், படியேற இயலாமை.

3. கால்களிலோ, இடுப்புக்குக் கீழோ மரத்துப்போதல்.

4. சிறுநீர் கழிக்க முடியாமை; சிறுநீரோ மலமோ அறியாமல் போதல்.

கழுத்தில் வலியில்லாத வீக்கம், காரணமில்லாக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவையும் சிலரிடம் காணப்படலாம். முதுகெலும்புக் காசநோயும் இவ்வாறே தோன்றக்கூடும். எது என்று முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

இத்தகைய முதுகைச் சுளுக்கென்று எண்ணி உருவிவிடுதல் தீங்காகும். பதிவு பெறாத வலி மாத்திரைகளையும் மாஜூன்களையும் வாங்கி உண்ணாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டெராய்டு கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டெராய்டு லிம்போமாக் கட்டியைச் சிறிது காலம் சுருக்கிவிடும். வலி குறையும், நோயோ மறைந்து நிற்கும். பின்னர்த் தசைத் துணுக்கு எடுத்துச் சோதித்தாலும் உண்மை புலப்படாமல் போகலாம். அதே மருந்தை மருத்துவர் உரிய வேளையில், உரிய அளவில் கொடுக்கும்போது அது தண்டுவடத்தின் வீக்கத்தைத் தணித்து உதவுகின்றது.

இனி, நம்பிக்கைக்குரிய செய்தி ஒன்று. லிம்போமா பெரும்பாலும் மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்கு கட்டுப்படும் நோய். பல வகைகளை முற்றிலும் குணப்படுத்தவும் இயலும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். ஆயினும், நோயாளி மீண்டும் நடப்பாரா என்பது பெரிதும் காலத்தைப் பொறுத்தது. சிகிச்சை தொடங்கும் வேளையில் நடக்கக்கூடியவராய் இருந்தவருள் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கின்றனர். கால்கள் முற்றாகச் செயலிழந்து நாட்கள் பல கடந்தபின் வருவோர் மீண்டும் நடப்பது அரிது. நோய் நீங்கியும் நடை திரும்பாத நிலை எத்துணைத் துயரமானது!

தோட்டத்து ஆடவர் பலர், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வலியை மறைக்கின்றனர். பெண்களோ, சிறுநீர்த் தொல்லையைச் சொல்ல நாணுகின்றனர். அந்த ஒரு நாள் கூலியைக் காக்கப் போய் வாழ்நாள் உழைப்பையே இழத்தல் தகுமோ? ஆகவே, குடும்பத்தாரும் உடன் வேலை செய்வோரும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். வரிசையில் நடந்து வரும் தோழரின் கால் இழுபடுவதைக் கண்டால், கேலி பேசாது காரணம் கேளுங்கள்.

கால் தளர்ந்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். அன்றே, அப்பொழுதே, அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 999 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். நோயாளியை நேராகப் படுக்க வைத்துக் கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். சென்றதும் “முதுகு வலி” என்று மட்டும் கூறாமல், “கால் தளர்கிறது, சிறுநீர் வரவில்லை” என்பதையும், அது எப்போது தொடங்கியது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அச்சொற்கள் மருத்துவரை விரைந்து செயற்பட வைக்கும்.

உழைக்கும் கால்கள் குடும்பத்தின் செல்வம். அவற்றைக் காலத்தில் காப்போமாக!