நோட்டில் ஏறாத உதவி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பது நமக்குத் தெரியும். கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் பந்தல் போட்டு கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் இருக்கும். அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யணும், முடிந்தால் கொஞ்சம் கூட்டியும் செய்யணும். அந்தப் பணத்தில் தொழில் தொடங்கினவங்க, பிள்ளையைப் படிக்க வச்சவங்க உண்டு. நாம இதைக் குறை சொல்லலை. நம்ம உள்கடனும் கணக்குதான். கணக்கு சுத்தமா இருக்கணும்.

ஆனா எல்லா உதவியையும் நோட்டில் ஏற்ற முடியுமா?

ரத்த தானத்தைப் பாருங்க. முகாமில் சாதாரணமா 350 மில்லி எடுப்பாங்க. 18 வயசு முடிஞ்சு, எடை 45 கிலோவுக்குக் குறையாம, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா, டாக்டர் பார்த்துச் சொன்னபின் பெண்களும் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். (நம்மில் நிறைய பேருக்கு அந்த 12.5 இருக்காது. ரத்தசோகையைப் பற்றித் தனியா ஒரு கூட்டம் போட்டே பேசணும்.) கொடுத்த ரத்தம் யாருக்குப் போச்சுன்னு கொடுத்தவருக்குத் தெரியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஆகி, ரத்தம் ஏற்றிப் பிழைத்த தாய்க்கும் அது யார் கொடுத்தது, எந்த ஊர், என்ன சாதி, எதுவும் தெரியாது. அவங்க யார் வாசலில் போய் நன்றி சொல்வாங்க? இன்னொருத்தருக்குச் செய்யும் உதவியாகத்தான் அந்த நன்றியைச் செலுத்த முடியும்.

இப்போ நம்ம குழுக்களுக்கு வருவோம். ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரியில் இருந்த மாசம் அவங்க தவணையை இன்னொருத்தர் கட்டுறாங்க. பிறகு பணமும் திரும்பி வந்துடுது. ஆனா பிரதிநிதியை மாற்றுகிற நேரம் வரும்போது, "அன்னைக்கு உன் தவணையை நான்தானே கட்டினேன்" என்ற பேச்சு கிளம்புது. பணக் கணக்கு முடிஞ்சும் இந்தக் கணக்கு முடியலை. உதவி வாங்கினவங்க கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. தீர்மானத்தில் மனசில்லாமல் கையெழுத்துப் போடுறாங்க. கொஞ்ச நாளில் சந்தாவை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புறாங்க. கந்துவட்டிக்காரரிடமிருந்து ஒருத்தரை மீட்டு, நமக்குக் கட்டுப்பட்டவங்களா ஆக்கிக்கிட்டா, அது எத்தனை வட்டி?

நன்றி என்றால் தலையாட்டுவதும் இல்லை. உதவி செய்தவரே நோட்டில் தப்பாக எழுதியிருந்தால், "அக்கா, இந்தக் கணக்கு இடிக்குதே" என்று கேட்கலாம். அதை நன்றிகெட்டதனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

இந்த மாசக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க. சந்தா வந்து, ஆள் வராதவங்க யார் யாருன்னு தெரியும். ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. பழைய உதவி எதையும் அங்கே பேச வேண்டாம்.