நடந்து போகையில் கார் மோதினால்

விடிந்தும் விடியாத இருட்டில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்துபோகும் ஒருவரை, பீடோங் பக்கம் ஒரு கார் இடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் இறங்கி வந்து, "போலீசெல்லாம் எதற்குண்ணே? இந்த இருநூறு வெள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். வாங்காதீர்கள். அடிபட்ட சூட்டில் வலி தெரியாது. சாயங்காலம்தான் முட்டி வீங்கும்.

கார் எண்ணைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஓட்டுநர் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அவர் செய்வார் என்று காத்திராமல் நீங்களும் செய்துவிடுங்கள். இன்சூரன்சில் நஷ்டஈடு கேட்க அந்தப் புகார் நகல்தான் கைகொடுக்கும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது சொக்சோவை, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்ததும் வேலை விபத்துதான். கார்க்காரர் ஓடிப்போயிருந்தாலும் சந்தா கட்டும் தொழிலாளி சொக்சோவில் கேட்கலாம். சொந்த வேலையாக வழி மாறிப் போயிருந்தால்தான் சிக்கல். டாக்டர் கொடுக்கும் எம்.சி. 4 நாளாவது இருந்தால் தற்காலிக உதவித்தொகை உண்டு, சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். தோட்ட அலுவலகக் கிராணியிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.