மினமாட்டாவின் பாதரசம்
ஜப்பானின் கடற்கரை ஊரான மினமாட்டாவில் நடை தடுமாறி, பேச்சுக் குழறி, கைகால் மரத்துப்போன நோயாளிகள் இருப்பது 1956 மே மாதம் முறைப்படி அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே அவ்வூர்ப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று மடியத் தொடங்கியிருந்தன. சிஸ்ஸோ வேதித் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவுநீரில் இருந்த மெத்தில் பாதரசம், அதாவது கரிமத்தோடு பிணைந்து உடலில் எளிதில் ஊடுருவும் பாதரச வடிவம், நுண்ணுயிரியிலிருந்து சிறுமீனுக்கும் அதிலிருந்து பெருமீனுக்கும் ஏறஏறச் செறிவடைந்து, மீனையே அன்றாட உணவாகக் கொண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் தாக்கியது. காரணம் பாதரசமே என்பது 1959-லேயே ஆய்வாளர்களுக்குப் புலப்பட்டிருந்தும் அரசு அதை ஒப்புக்கொண்டது 1968-ல்தான். அறியாமையைவிடத் தாமதமே அங்கு மிகுதியான தீங்கு செய்தது எனலாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2013-ல் அவ்வூரின் பெயராலேயே ஏற்கப்பட்டு, 2017-ல் நடைமுறைக்கு வந்தது.