கற்பனை உலகுக்கு ஒரு துணைநூல்

ஊர் அறியாதவன் வழி கேட்பது இயல்பு. ஆயின் வழி சொல்வோர் எல்லோரும் ஒரே தன்மையினர் அல்லர். தாம் நடந்த வழியைச் சொல்வோர் உளர். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வோர் உளர். அறியாததையும் அறிந்ததுபோலச் சொல்வோரும் உளர். கண்ணாற் காணக்கூடிய ஊருக்கே இந்நிலை என்றால், ஓர் ஆசிரியருடைய உள்ளத்தில் மட்டும் தோன்றிய உலகுக்கு வழி சொல்வோரின் நிலை யாது? அவ்வுலகுக்கு நேரிற் சென்று சரிபிழை பார்த்துவர எவராலும் இயலாது. ஆசிரியர் எழுதிவைத்த ஏடுகளே அதன் மண்ணும் மலையும் ஆறும் ஆகும். ஆதலின், அத்தகைய உலகுக்குத் துணைநூல் வாங்க விரும்புவோர் அந்நூலின் பருமனையும் படங்களின் அழகையும் பார்ப்பதற்கு முன், அதன் நேர்மையைச் சோதித்தல் வேண்டும்.

ஆங்கில இலக்கியத்தில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஜே. ஆர். ஆர். டொல்கீன் படைத்த உலகம். 1892ஆம் ஆண்டு பிறந்து 1973ஆம் ஆண்டு மறைந்த டொல்கீன், 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். பழைய ஆங்கில மொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். 1937ஆம் ஆண்டில் 'த ஹொபிட்' என்னும் சிறுவர் கதையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'த லோட் ஒஃப் த றிங்ஸ்' என்னும் பெருங்கதை மூன்று தொகுதிகளாகவும் வெளிவந்தன. இக்கதைகள் நிகழும் களத்துக்கு அவர் 'மிடில் ஏர்த்' எனப் பெயரிட்டார். அதனை நடுவுலகம் எனத் தமிழில் வழங்கலாம். கதைக்குத் தேவையான அளவு மட்டும் களம் அமைத்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை. அவ்வுலக மக்களுக்கென மொழிகளையும் எழுத்துக்களையும் ஆக்கினார், அரச மரபுகளை வகுத்தார், நாட்காட்டிகளைக் கணித்தார், பல்லாயிரம் ஆண்டு வரலாற்றை எழுதினார்.

இத்துணை விரிந்த உலகிலே புதிதாக நுழையும் வாசகர் மயங்குவதில் வியப்பில்லை. பெயர்களே முதல் இடர்ப்பாடு. அரகோர்ன் என்னும் வீரன் ஓரிடத்தில் ஸ்றைடர் என்றும், ஓரிடத்தில் எஸ்ரெல் என்றும், வேறோரிடத்தில் தொரொங்கில் என்றும், இன்னுமோரிடத்தில் எலெஸ்ஸார் என்றும் அழைக்கப்படுகிறான். கண்டால்ஃப் என்னும் முதியவருக்கோ நாட்டுக்கு ஒரு பெயர். மாறாக, ஒரே பெயர் இரண்டு இடங்களைக் குறிப்பதும் உண்டு. மினாஸ் திரித் என்றால் காவற்கோபுரம் என்பது பொருள். கொண்டோர் நாட்டின் தலைநகருக்கு அது பெயர். அந்நகர் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆற்றுத் தீவின்மீது நின்ற கோட்டைக்கும் அதுவே பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட வாசகர் வரலாறு முழுவதையும் பிழையாகவே விளங்கிக்கொள்வார்.

டொல்கீன் இத்தேவையை அறியாதவர் அல்லர். பெயர்களின் அட்டவணை ஒன்று தரப்படும் என்று முதல் தொகுதியில் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1955ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூன்றாம் தொகுதி வெளிவந்தபோது அட்டவணை இருக்கவில்லை. அதற்கு வருத்தந் தெரிவிக்கும் குறிப்பே இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அட்டவணை இடம்பெற்றது. அக்குறையை நிறைக்க வாசகர்கள் தாமே முயன்றனர். அம்முயற்சியிலிருந்தே துணைநூல்கள் பிறந்தன.

அவற்றை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது வகை அகரவரிசையில் அமைந்த பெயரகராதி. அமெரிக்கராகிய றொபேட் பொஸ்டர் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடும், அதனை விரித்து 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த கொம்ப்ளீற் கைட் டு மிடில் ஏர்த்' என்னும் நூலும் இவ்வகையின. இரண்டாவது வகை நிலப்படத் தொகுதி. புவியியல் கற்ற கரன் வின் ஃபொன்ஸ்டாட் என்னும் அம்மையார் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1991ஆம் ஆண்டில் திருத்திய நிலப்படநூல் இதற்குச் சான்று. பயணிகள் சென்ற வழி எது, ஒவ்வொரு நாளும் எங்கே தங்கினர், எத்துணைத் தூரம் நடந்தனர் என்பவற்றைக் கதையின் சொற்களிலிருந்தே கணித்து வரைந்திருப்பது அதன் சிறப்பு. மூன்றாவது வகை உரைநூல். வெயின் ஹமண்ட், கிறிஸ்டினா ஸ்கல் என்னும் தம்பதியர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பெருங்கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடர்ந்து அருஞ்சொற்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் விளக்கம் கூறுகிறது. பெயர்களை எவ்வாறு மொழிபெயர்த்தல் வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்காக டொல்கீன் எழுதிய குறிப்பும் அதிற் சேர்ந்துள்ளது.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதிலும் எதற்காக வேண்டும் என்று கேட்பதே முறை. பாத்திரத்தின் பெயரை மறந்தவருக்கு அகராதி உதவும். பயண வழியை அறிய விரும்புபவருக்கு நிலப்படம் உதவும். சொல்லின் வேரைத் தேடுபவருக்கு உரைநூல் உதவும். தலைப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாற்றம் அடைதலும் கூடும். மேற்சொன்ன தம்பதியர் 2006ஆம் ஆண்டில் இரண்டு பெருந்தொகுதிகளாகவும், 2017ஆம் ஆண்டில் திருத்தி மூன்று தொகுதிகளாகவும் வெளியிட்ட மற்றொரு நூலும் துணைநூல் என்றே பெயர் பெற்றுள்ளது. ஆனால் அது டொல்கீனுடைய வாழ்க்கையையும் படைப்புக்களையும் ஆராய்வது. நடுவுலகின் பெயரகராதி அன்று.

அடுத்து நோக்கவேண்டியது நூல் வெளிவந்த ஆண்டு. டொல்கீன் மறைந்தபின் அவருடைய மைந்தர் கிறிஸ்டோபர், தந்தையார் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குசெய்து, நடுவுலகின் பழைய வரலாற்றைக் கூறும் 'த சில்மரிலியன்' என்னும் நூலை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1980ஆம் ஆண்டில் முற்றுப்பெறாத கதைகளின் தொகுதி ஒன்று வந்தது. 1983 முதல் 1996 வரை, தந்தையாரின் வரைவுகளை ஆராயும் பன்னிரண்டு தொகுதிகள் வந்தன. ஆகவே, 1976ஆம் ஆண்டில் ஜே. ஈ. ஏ. ரைலர் வெளியிட்ட துணைநூலில் பழைய வரலாறு முழுமையாக இருத்தல் இயலாது. அக்குறை கண்டே 1979ஆம் ஆண்டில் அவர் அதனைப் புதுக்கினார். 1978ஆம் ஆண்டின் பொஸ்டர் நூல் 'சில்மரிலியன்' வரையிலுமே செல்லும். பின்வந்த தொகுதிகளை அது அறியாது. இது குற்றம் அன்று; எல்லை. எல்லையை அறிந்து பயன்படுத்துவோருக்கு அது இன்றும் பயன்படும். கிறிஸ்டோபர் டொல்கீன் அதனை நல்லதொரு மேற்கோள் நூல் என 1983ஆம் ஆண்டில் பாராட்டியுள்ளார்.

ஆண்டு ஏன் இத்துணை முக்கியம் என்பதை ஒரு சிறு வினா தெளிவாக்கும். கில்கலாட் என்னும் பேரரசனின் தந்தை யார்? 1977ஆம் ஆண்டின் 'சில்மரிலியன்', ஃபிங்கோன் என்று கூறும். அதனைப் பின்பற்றிய கையேடுகளும் அவ்வாறே கூறும். ஆனால் கிறிஸ்டோபர் கையெழுத்துப் பிரதிகளை மீண்டும் நுணுகி ஆராய்ந்தபோது, அது தந்தையார் சிறிது காலமே கொண்டிருந்த எண்ணம் என்பதைக் கண்டார். பிற்காலக் குறிப்பொன்றில் கில்கலாட் ஒறொட்றெத்தின் மைந்தனாக இருந்தான். தாம் பதிப்பித்த நூலில் நேர்ந்த பிழையைக் கிறிஸ்டோபர் மறைக்கவில்லை. 1990களில் வெளிவந்த தொகுதிகளில் அதனை வெளிப்படையாக எடுத்துரைத்து, தந்தை யார் என்று கூறாமலே விட்டிருப்பின் நன்றாக இருந்திருக்கும் என்றும் எழுதினார்.

ஓர் அரசனின் தந்தை பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அப்பெயர் சிறிதாகலாம், அது புகட்டும் பாடம் பெரிது. டொல்கீனின் உலகம் முடிந்த கட்டடம் அன்று. இளமையிலே தொடங்கி, இறக்கும் வரையில் அவர் அடித்தும் திருத்தியும் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. அதற்கு ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே விடை உண்டு என்று கூறும் நூல், வாசகருக்கு வசதி செய்வதுபோலத் தோன்றினும், ஆசிரியருடைய வாழ்நாள் உழைப்பை மறைத்துவிடுகிறது. இந்நூலில் இவ்வாறு உள்ளது, அவ்வரைவில் அவ்வாறு உள்ளது என்று பிரித்துக்காட்டும் நூலோ, வாசகரை ஆசிரியருடைய எழுதுமேசைக்கு அருகிலேயே அழைத்துச் செல்கிறது.

ஆதலின், துணைநூலை வாங்குமுன் அதன் நடுவே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, கூறப்பட்ட செய்திக்கு மூலம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். எந்த நூல், எந்தப் பகுதி என்று காட்டாத நூலைச் சரிபார்க்க வழியில்லை. பக்க எண் மட்டும் காட்டும் நூலாயின், அது எந்தப் பதிப்பின் பக்கம் என்று நோக்குதல் வேண்டும். பதிப்பு மாறினால் பக்கமும் மாறும். கதையைப் படித்தவர்களுக்கு மற்றோர் எளிய சோதனையும் உண்டு. காயமுற்ற ஃபுரொடோ ஆற்றுத்துறையைக் கடக்கும் நிகழ்ச்சியைத் தேடுக. கதையில் அவன் குளோர்ஃபின்டெல் என்பவனுடைய குதிரைமீது தனியனாய்க் கடக்கிறான். 2001ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்திலோ ஆர்வென் என்னும் மங்கை அவனைத் தன் குதிரையில் ஏற்றிச் செல்கிறாள். திரைப்படத்தைத் தழுவிய நூல் திரைப்படத்துக்குத் துணையாகும். டொல்கீனின் கதைக்குத் துணையாகாது. இரண்டையும் வேறுபடுத்தாது கலந்துரைக்கும் நூல் இரண்டுக்கும் துணையாகாது.

இறுதியான சோதனையே எல்லாவற்றிலும் கடினமானது. ஆசிரியர் மௌனம் சாதித்த இடத்தில் துணைநூல் என்ன செய்கிறது? ரொம் பொம்படில் என்னும் விசித்திர மனிதர் யார், எவ்வினத்தவர் என்று கதை கூறுவதில்லை. புராண காலத்திலும் விடுவிக்கப்படாத புதிர்கள் சில இருத்தல் வேண்டும் என்றும், பொம்படில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட அத்தகைய புதிர் என்றும் 1954ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் டொல்கீன் விளக்கினார். அவ்வாறே, ஓர்க்குகள் என்னும் கொடியோர் எவ்வாறு தோன்றினர் என்னும் வினாவிலும் அவர் இறுதிவரை தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். இவ்விரு பெயர்களையும் துணைநூலில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஐயத்தை ஐயமென்றே கூறும் நூல் நம்பத்தக்கது. ஐயத்துக்கு இடமின்றி விடை கூறும் நூல், தன் கற்பனையை ஆசிரியர் தலையில் ஏற்றுகிறது.

இத்துணையும் கூறியபின், முதன்முறையாகக் கதையைப் படிக்கத் தொடங்குவோருக்கு உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பெயரகராதி இரக்கமற்றது. ஒரு பாத்திரத்தின் பிறப்பு, வெற்றி, வீழ்ச்சி, இறப்பு அனைத்தையும் ஒரே பத்தியிற் கூறிவிடும். பெயரைத் தேடிச் சென்றவர் முடிவை அறிந்து திரும்புவார். ஆசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்களிற் காத்துவைத்த அச்சமும் மகிழ்ச்சியும் ஒரு வரியில் அழிந்துபோகும். ஆகவே முதல் வாசிப்புக்கு நூலுடன் வரும் நிலப்படமும் பின்னிணைப்புமே போதும். சில பெயர்கள் விளங்காமற் போனாலும் குறைவில்லை; கதையில் வரும் ஹொபிட்டுகளும் அப்பெயர்களை அறியாமலேயே பயணம் புறப்பட்டவர்கள். கதையை ஒருமுறை படித்து முடித்தவருக்கு மூலங் காட்டும் பெயரகராதி ஒன்று போதிய துணை. பழைய வரலாற்றிலும் புகுந்தவர் நிலப்படநூலைச் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லையும் வரைவையும் ஆராய விழைவோர் உரைநூலை நாடலாம்.

2020ஆம் ஆண்டு மறைந்த கிறிஸ்டோபர் டொல்கீன், தந்தையாரின் ஏடுகளோடு பல்லாண்டு வாழ்ந்தவர். அவ்வுலகை அவரளவுக்கு அறிந்தோர் வேறு எவரும் இலர். அத்தகையவரே தாம் பிழைபட்டதைப் பிழையென்றும், தெரியாததைத் தெரியாதென்றும் எழுதிச் சென்றார். துணைநூலைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. அதே நேர்மை எந்த நூலில் உளதோ, அந்நூலையே கைக்கொள்க.