கடலில் கிடக்கும் கண்ணியை எடுப்பது யார்?

(ஓசூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு இளம் தோழர் கேட்டார்: "அண்ணே, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கடலே கிடையாது. இங்கே வந்து கடல் கண்ணியைப் பற்றி என்ன பேசப் போகிறீர்கள்?" நியாயமான கேள்வி. நம் கிணற்றிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ஊரில் ஒரு நிலச்சுவான்தாரின் கிணற்றில் பாறை உடைத்தார்கள். எட்டுக் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு எல்லோரும் மேலே ஓடி வந்தார்கள். ஏழு சத்தம்தான் கேட்டது. பொறுங்கள் என்றார் மேஸ்திரி. "கூலி கொடுப்பது வேடிக்கை பார்க்கவா?" என்றார் நிலச்சுவான்தார். இறங்கிப் போன மனிதர் வலது கையை இழந்து மேலே வந்தார். வைப்பது சுலபம், வெடிக்காமல் நின்றதை எடுப்பதுதான் கஷ்டம். கிணறு வெட்டியவர்களுக்கும் கல் குவாரியில் உழைத்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடல் கண்ணி என்பது அந்த எட்டாவது தோட்டாதான். இரும்புக் கூட்டுக்குள் வெடிமருந்தை நிரப்பி, கடலடியில் நங்கூரம் போட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே மிதக்க விடுவார்கள். அதன் மேல் ஈயக் கொம்புகள் இருக்கும். கொம்புக்குள் கண்ணாடிக் குப்பியில் திராவகம். கப்பல் மோதினால் ஈயம் நசுங்கும், குப்பி உடையும், மின்சாரம் பிறக்கும், குண்டு வெடிக்கும்.

1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்ட எம்டனை நாம் எல்லோரும் அறிவோம். உல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலை அறிந்தவர் குறைவு. அது சரக்குக் கப்பல் வேஷத்தில் வந்து கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணி போட்டுவிட்டுப் போய்விட்டது. 1917 பிப்ரவரியில் கொழும்பு அருகே வூஸ்டர்ஷயர், பெர்சியூஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஜூன் 23-ந் தேதி பம்பாய்ப் பக்கம் மங்கோலியா என்ற கப்பல் மூழ்கியது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தட்டில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களில் மிகப் பலர் நமது தேசத்து ஏழைகள். கப்பலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் முதலில் வருவது அங்கேதான்.

இந்தக் கண்ணியை எடுக்க ஒரு வழி கண்டார்கள். கப்பலின் பின்னால் வெட்டுக்கத்தி பூட்டிய கம்பி வடத்தை இழுத்துப் போவார்கள். கட்டு அறுந்து கண்ணி மேலே வரும். தூரத்தில் நின்று சுட்டு அழிப்பார்கள். ஆனால் எடுப்பவன் ஒரு வழி கண்டால் வைப்பவன் வேறு வழி தேடுகிறான்.

பஞ்சு மில்லில் புளோ ரூமில் வேலை பார்த்த தோழர்களுக்குத் தெரியும்: பஞ்சுக்குள் ஒளிந்து வரும் இரும்புத் துண்டைக் காந்தம் பிடித்துவிடும். ஹிட்லரின் கடற்படை இரும்பை உணரும் கண்ணியைச் செய்தது. கப்பல் அதைத் தொட வேண்டியதே இல்லை. மேலே கடந்து போனாலே வெடிக்கும். 1939 நவம்பர் 23-ந் தேதி இங்கிலாந்தில் ஷூபரினஸ் கடற்கரைச் சேற்றில் கிடந்த ஒரு கண்ணியை ஜான் ஔவ்ரி என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய சகாக்களும் கையால் கழற்றினார்கள். அதற்கென்றே காந்தம் பிடிக்காத கருவிகளைச் செய்து தந்தது ஒர்க்ஷாப் தொழிலாளியின் கை. ரகசியம் தெரிந்த பிறகு கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டி அதன் காந்த சக்தியை அடக்கினார்கள். கண்ணி எடுக்கும் கப்பல்களை மரத்தில் கட்டினார்கள்.

பிறகு என்ஜின் சத்தத்தை உணரும் கண்ணி வந்தது. நீரின் அழுத்தத்தை உணரும் கண்ணி வந்தது. சில கப்பல்களைப் போக விட்டு, எண்ணி வைத்திருந்து, அடுத்ததில் வெடிக்கும் கண்ணியும் வந்தது. ஆகவே இப்போது சோனார் கருவியால் கடலடிக்கு ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, கிடப்பது பாறையா, பழைய பீப்பாயா, கண்ணியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கண்ணிதான் என்று தெரிந்தால் ஆளில்லாத சிறு கருவியை அனுப்பி அழிக்கிறார்கள். மெதுவான வேலை, பொறுமையான வேலை.

யுத்தம் முடிந்தாலும் கண்ணிக்கு அது தெரியாது. 1971 யுத்தத்துக்குப் பிறகு வங்க தேசத்தின் சிட்டகாங் துறைமுகத்தில் கண்ணிகளும் மூழ்கிய கப்பல்களும் நிறைந்து கிடந்தன. பசித்த தேசத்துக்குத் தானியம் வந்து சேர வேண்டிய வாசல் அது. சோவியத் மாலுமிகள் 1972 முதல் 1974 வரை அங்கே இருந்து அதைத் திறந்து கொடுத்தார்கள். யூரி ரெட்கின் என்ற இளம் மாலுமி அந்த வேலையில் உயிர் நீத்தார். அவருடைய கல்லறை அங்கேயே பதேங்காவில் இருக்கிறது.

1984-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனம் நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணி போட்டது. அது சட்ட விரோதம் என்று 1986-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022-ல் உக்ரைன் யுத்தத்தில் கருங்கடலில் கண்ணிகள் மிதந்தன, துறைமுகங்கள் அடைபட்டன. நம் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்து கொண்டிருந்தது. கடல் எங்கோ இருக்கிறது. அடுப்பு இங்கே இருக்கிறது!

இனி நமது தேசத்தின் கதை. 1978 முதல் 1988 வரை சோவியத் நாட்டிலிருந்து 12 கண்ணி எடுக்கும் கப்பல்கள் வந்தன. அவை வயதாகி ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. கடைசிக் கப்பலான கோழிக்கோடு 2019 ஏப்ரலில் விடைபெற்றது. புதிய கப்பல்கள் கட்டத் தென்கொரியக் கம்பெனி ஒன்றுடன் நடந்த பேச்சு, சுமார் 32,000 கோடி ரூபாய்த் திட்டம், 2018-ல் கைவிடப்பட்டது. 2025 ஜூலையில்தான் சுமார் 44,000 கோடி ரூபாயில் 12 கப்பல்களை உள்நாட்டிலேயே கட்டுவதற்கு முதல் ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் என்பது காகிதம். கப்பல் தண்ணீரில் இறங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

விசாகப்பட்டினத்தில் உள்ள அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய புதிய கண்ணி 2025 மே மாதத்தில் சோதிக்கப்பட்டது. கண்ணியைத் தேட, ஆள் தூக்கிப் போகக்கூடிய, தானே நீந்தும் சிறு கருவியை அதே கூடம் உருவாக்கிய செய்தி நவம்பரில் வந்தது. அந்த விஞ்ஞானிகளைப் பாராட்டுவோம். ஆனால் ஒன்றைக் கேட்போம்: வைக்கும் வித்தை முந்துவதும், எடுக்கும் வித்தை பிந்துவதும் ஏன்? பெரிய பீரங்கிக் கப்பலுக்குக் கிடைக்கிற கவனம் இந்தச் சிறு கப்பலுக்கு ஏன் கிடைப்பதில்லை?

நம்மிடம் திறமை இல்லையா? அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். அங்கே 1954-ல் பொதுத்துறையில் பிறந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கப்பல்களுக்குச் சோனார் செய்கிறது. இங்கே லேத்தில் நிற்கும் டர்னருக்கும் பிட்டருக்கும் மயிரிழை அளவு பிசகாமல் வேலை செய்யத் தெரியும். கிருஷ்ணகிரி மாங்கூழும் கருங்கல்லும் ஓசூர் எந்திரங்களும் துறைமுகம் வழியாகத்தான் வெளியே போகின்றன. துறைமுகம் அடைபட்டால் முதலில் மூடுவது நமது ஆலை வாசல். முதலில் வீட்டுக்குப் போவது காண்ட்ராக்ட் தொழிலாளி.

ஆகவே தோழர்களே, இந்தக் கப்பல்கள் தாமதமின்றிக் கட்டப்பட வேண்டும். நமது தேசத்துத் தளங்களில், நிரந்தரத் தொழிலாளியின் கையால் கட்டப்பட வேண்டும். அந்த வேலைக்குப் போகிற மாலுமிக்கு நல்ல கருவி கொடுக்க வேண்டும். எட்டாவது சத்தம் கேட்காத கிணற்றுக்குள் இன்னொரு மனிதனை வெறுங்கையோடு இறக்காதே என்று கேட்கும் உரிமை, கிணறு வெட்டிய நமக்கு இருக்கிறது!