சர்க்கரை எதற்கு?



வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். நீரும் உப்பும் போகின்றன, ஈடுகட்டுகிறோம், சரி. சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் வேறு.

நம் உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் தூங்கினாலும் அதற்கு ஓய்வில்லை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் இதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு வந்து சேர 1997 ஆகிவிட்டது!

குடல் சுவரின் உயிரணுக்களில் இன்னொரு புரதமும் உண்டு. அது ஒரு கதவு மாதிரி. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். முதல் புரதம் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் அது இந்தக் கதவு வழியே உள்ளே பாய்கிறது, குளுக்கோஸும் கூடவே போகிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலுக்குள் உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது; கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். ஆனால் இந்தக் கதவை அது தொடுவதில்லை. சர்க்கரைக்கு வேலை அங்கேதான்.

1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் போங்காவில் அகதிகளிடையே காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். உறவினர்களே மொண்டு புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. ஒரு ரகசிய வானொலியும் இந்தச் செய்முறையை ஒலிபரப்பியதாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டாதீர்கள். அது நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.