படத்தில் எத்தனை துளை?

பிள்ளைக்குப் புல்லாங்குழல் கற்றுத்தர ஒரு பாடப்புத்தகம் வாங்கப் போகிறீர்களா? அட்டையை விடுங்கள். உள்ளே, எந்த விரல் எந்தத் துளையில் என்று காட்டும் படம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். படத்தில் எத்தனை துளை?

நம் கர்நாடக சங்கீதக் குழலில் ஊதும் துளை போக எட்டுத் துளைகள். வடநாட்டு பான்சுரியில் பெரும்பாலும் ஆறு. இரண்டும் மூங்கில்தான். ஆனால் விரல் வைக்கும் முறை வேறு. நம் குழலில் மேல் இரண்டு துளைகளை மூடினால் 'ச'. பான்சுரியிலோ மூன்றை மூட வேண்டும். முதல் சுரத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது, பாருங்கள். ஒரு குக்கருக்கு இன்னொரு குக்கரின் கேஸ்கட்டைப் போட்டால் ஆவி நிற்குமா? கையில் ஒரு குழல், படத்தில் வேறொரு குழல் என்றால், பிள்ளை பாவம், தனக்கு வரவில்லை என்று குழலை மூலையில் வைத்துவிடும். குற்றம் பிள்ளையிடம் இல்லை. புத்தகத்தில்.

இன்னொன்று. பாட்டுப் புத்தகம் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். வாய்ப்பாட்டுக்கு அது சரி. குழலில் அந்த ராகத்துக்குத் துளையைப் பாதி மூட வேண்டியிருக்கும். பிஞ்சு விரலுக்கு அது சிரமம். அரிகாம்போதி ராகம் அப்படியில்லை. துளையை முழுதாக மூடி, முழுதாகத் திறந்தாலே வந்துவிடும். அதில் தொடங்கும் புத்தகம் கிடைத்தால் நல்லது.

விரலுக்கும் முன்னால் மூச்சு. 'ச'வை மட்டும் நீளமாக ஊதிப் பழகச் சொல்லும் பக்கங்கள் இருக்கின்றனவா, பாருங்கள். கடைக்குப் போகும்போது குழலையும் எடுத்துப் போங்கள். படத்தின் பக்கத்தில் வைத்து, துளைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.